அளந்து கொடுத்தலும் அறிந்து கொடுத்தலும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதை யாவரும் அறிவர். முதலிரண்டையும் இழந்தவருக்கு அன்றைக்கே யாராவது கொடுத்துவிடலாம். ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு சாரமும் கிடைப்பது அவ்வளவு கடினமன்று. வீட்டை இழந்தவரின் நிலை வேறு. வீடென்பது ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து, சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்து, இவ்வருடம் ஓர் அறை அடுத்த வருடம் ஒரு விறாந்தை என்று கட்டி முடிப்பதாகும். அதனை ஓர் இரவிலே காற்றும் நீரும் கொண்டுபோய்விட்டால், மீளக் கட்டிக்கொடுக்கக் கடமைப்பட்டவர் யார், எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த அளவுகோலால் அளந்து கொடுக்க வேண்டும் என்னும் கேள்விகள் எழுகின்றன. இவை கந்தோர்க் கணக்குகள் போலத் தோன்றினாலும் உண்மையில் அறத்தைப் பற்றிய கேள்விகளேயாகும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முதியோர் வாக்கு. அளக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எதைக்கொண்டு அளப்பது என்பதிலேதான் சிக்கல் உண்டு. இதனை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், குறிப்பாக நியூ ஓர்லியன்ஸ் நகரில், 2005 இற்குப் பின்னர் நடந்தவற்றைப் போலத் தெளிவான உதாரணம் வேறில்லை எனலாம்.

2005 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29 ஆம் திகதி கத்ரீனா சூறாவளி அங்கு கரையைத் தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் ஒருபுறம் மிசிசிப்பி ஆற்றுக்கும் மறுபுறம் பெரியதோர் ஏரிக்கும் இடையிலே, பல பகுதிகள் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நகரமாகும். சுற்றிவர எழுப்பப்பட்ட வெள்ளத் தடுப்பு அணைகளும் சுவர்களுமே அதன் காப்பு. அவை பல இடங்களில் உடைந்தன. நகரின் ஏறத்தாழ 80 வீதமான நிலப்பரப்பு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிய வாரக்கணக்காயிற்று. அது முற்றாக வடியுமுன்னரே செப்டெம்பர் 24 ஆம் திகதி ரீட்டா என்னும் மற்றொரு சூறாவளி அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியைத் தாக்கியது.

அந்நாட்டிலே வீட்டுக்குக் காப்புறுதி எடுப்பது வழக்கம். ஆயினும் சாதாரண வீட்டுக் காப்புறுதி காற்றினால் வரும் சேதத்துக்குக் கொடுக்குமேயன்றி வெள்ளத்தினால் வரும் சேதத்துக்குக் கொடாது. வெள்ளத்துக்கென 1968 இல் மத்திய அரசு தொடங்கிய தனித்திட்டம் ஒன்றுண்டு. வெள்ள அபாய வலயத்தில் வங்கிக் கடன் பெற்று வீடு வாங்கியோர் அதனைக் கட்டாயம் எடுக்க வேண்டும். தாய் தகப்பன் விட்டுச்சென்ற வீட்டில் கடனின்றி இருந்தோரை எவரும் வற்புறுத்தவில்லை. ஆகவே, கடன்படாத வீடு என்று பெருமையோடு சொல்லக்கூடியவர்களே காப்புறுதி இல்லாதவர்களாய் நின்ற விநோதம் நிகழ்ந்தது.

இந்நிலையில் 2006 ஆம் ஆண்டு, மத்திய அரசின் பணத்தைக்கொண்டு லூயிசியானா மாநில அரசு ‘ரோட் ஹோம்’ என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. ‘வீடு திரும்பும் வழி’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். சொந்த வீட்டில் குடியிருந்து அதனை இழந்தவர்களுக்கு உச்ச அளவாக 150,000 டொலர் வரை கொடுப்பது ஏற்பாடு. முடிவில் ஏறத்தாழ 130,000 குடும்பங்களுக்கு 9 பில்லியன் டொலர் அளவில் வழங்கப்பட்டது. வீடமைப்புக்கென ஓர் அரசு இவ்வளவு பெருந்தொகையைக் கொடுத்தது அரிதான செயலே. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. முதல் ஆண்டில் பணம் நகர்ந்த வேகம் மட்டும் நத்தையின் வேகம். 2007 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பித்தோர் இலட்சத்தைத் தாண்டியிருக்க, காசைக் கையில் வாங்கியவர்கள் மிகச் சிலரே. கந்தோர் எந்த நாட்டிலும் கந்தோர்தான் போலும்!

இனி, அளவுகோலுக்கு வருவோம். புயலுக்கு முன் அவ்வீட்டின் சந்தைப் பெறுமதி என்ன, இப்போது அதனைத் திருத்த ஆகும் செலவு என்ன என்னும் இரண்டையும் பார்த்து, அவற்றுள் எது குறைவோ அதனையே அடிப்படையாகக் கொள்வது என விதி எழுதப்பட்டது. அதிலிருந்து காப்புறுதிப் பணமும் முன்னர் கிடைத்த அரச உதவியும் கழிக்கப்படும். காப்புறுதி எடுத்திருக்க வேண்டிய இடத்தில் எடுக்காதிருந்தவருக்கு மேலும் 30 வீதம் வெட்டப்படும்.

கேட்கும்போது இவ்விதி மிகவும் நியாயமானதாகவே தோன்றும். அறுபதாயிரம் டொலர் பெறுமதியான வீட்டுக்கு ஒன்றரை இலட்சம் டொலர் ஏன் கொடுக்க வேண்டும்? இழந்ததற்கு மேலாக ஒருவர் பெறலாமா? பொதுப்பணம் வரி செலுத்துவோரின் பணமல்லவா? பொதுப்பணத்தைக் கையாளும் எந்த உத்தியோகத்தரும் இப்படித்தான் யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். இழப்பீடு இழப்பை விஞ்சக்கூடாதென்பது பழைய நீதி. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் நீதியை இரண்டு வகையாகப் பிரித்துள்ளார். பொதுப்பொருளைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் நீதி ஒன்று. ஒருவருக்கு நேர்ந்த குறையை அளந்து அவரை முன்னைய நிலையில் நிறுத்தும் நீதி மற்றொன்று. ரோட் ஹோம் விதியை எழுதியவர்கள் இரண்டாவதையே மனதிற் கொண்டிருந்தனர் எனக் கருதலாம்.

ஆனால், உண்மையில் என்ன நடந்தது? ஒரே அளவான இரண்டு வீடுகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே உயரத்துக்கு நீரில் நின்றவை. இரண்டையும் திருத்த 140,000 டொலர் தேவை. மரத்தின் விலையும் மேசன் கூலியும் இருவருக்கும் ஒன்றே. ஒரு வீடு வசதியான பகுதியில் இருப்பதால் அதன் முன்னைய பெறுமதி 200,000 டொலர். மற்றது வறிய பகுதியில் இருப்பதால் 60,000 டொலர். விதிப்படி முதலாமவருக்கு 140,000 கணக்காகும், இரண்டாமவருக்கு 60,000 மாத்திரமே கணக்காகும். முதலாமவர் வீட்டைக் கட்டி முடித்துவிடுவார். இரண்டாமவர் கூரையைப் போடுவார், சுவருக்குக் காசு இராது. ஏற்கெனவே கையில் உள்ளவருக்கு நிறையவும் இல்லாதவருக்குக் குறையவும் கொடுத்த உதவியாக அது முடிந்தது.

இங்கே இழக்கப்பட்டது என்ன என்னும் கேள்வியையே விதி தவறாக விளங்கிக்கொண்டது. விற்பனைக்கு வைத்திருந்த பண்டத்தை இழந்தவருக்கு அதன் விலை இழப்பாகும். குடியிருந்த வீட்டை இழந்தவருக்கு அதன் விலை பொருட்டன்று, மழைக்கு ஒதுங்கும் கூரையே பொருட்டு. அந்தக் கூரையை மீளப் போடுவதற்கு எவ்வளவு ஆகுமோ அதுவே அவரது இழப்பு. அன்னதானப் பந்தியில் இருப்பவருடைய இலை சிறிதா பெரிதா என்று பார்த்து எவரும் சோறு வைப்பதில்லை.

வறிய பகுதி வீடுகளின் பெறுமதி ஏன் குறைந்திருந்தது என்பதையும் நோக்க வேண்டும். வீடுகள் பழுதானவை என்பதனால் மட்டுமன்று. 1930 களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை வரைபடங்களில் நிறம் தீட்டிப் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறத்துள் அடங்கின. சிவப்பென்றால் கடன் கொடுப்பதற்கு ஆபத்தான இடம் என்பது பொருள். கடன் இல்லாவிடில் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாவிடில் விலையும் இல்லை. இவ்வாறு பாட்டன் காலத்தில் இழைக்கப்பட்ட அநீதி, பேரன் காலத்தில் சந்தைப் பெறுமதி என்னும் பெயரைப் பூண்டுகொண்டு விண்ணப்பப் படிவத்தில் வந்து உட்கார்ந்தது. படிவத்தை நிரப்பிய உத்தியோகத்தர் எவரையும் வெறுத்தவரல்லர். விதியை எழுதியவர்களும் வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. கெட்ட எண்ணம் எவரிடமும் இல்லாமலே அநீதி நடக்கலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

2008 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரின் வீடமைப்பு உரிமை அமைப்பொன்றும் சில வீட்டுச் சொந்தக்காரரும் நீதிமன்றம் சென்றனர். வழக்கு நடக்கும்போதே, வருமானம் குறைந்தோருக்கென இருந்த மேலதிக உதவிக்கு இடப்பட்டிருந்த 50,000 டொலர் உச்ச வரம்பு நீக்கப்பட்டது. 2011 ஜூலையில், மேலும் 62 மில்லியன் டொலர் கொடுப்பதென்னும் இணக்கத்துடன் வழக்கு முடிந்தது. ஆயினும் குறை முற்றாகத் தீரவில்லை. 2022 இல் பத்திரிகையாளர்கள் அத்திட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எல்லா உதவிகளையும் சேர்த்த பின்னரும் நகரின் மிக வறிய பகுதி மக்கள் திருத்தச் செலவில் 30 வீதத்தைத் தாமே தேட வேண்டியிருந்ததும், வசதிமிக்க பகுதிகளில் அது 20 வீதமாக இருந்ததும் வெளிப்பட்டது. வசதி படைத்தவர் அந்த 20 வீதத்தை வங்கியிலிருந்து எடுப்பார். வறியவர் 30 வீதத்துக்கு எங்கே போவார்?

இதுவரை உதவி என்றே சொல்லப்பட்டு வந்தது. இது உதவிதானா என்பதே அடுத்த கேள்வி. தர்மமாகக் கொடுப்பவருக்குத் தம் விருப்பப்படி அளக்க ஓரளவு உரிமையுண்டு. கடன் தீர்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை. நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தது புயல் மட்டுமன்று. அணைகளையும் வெள்ளச் சுவர்களையும் வடிவமைத்துக் கட்டியது அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படையாகும். அவற்றின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறைகள் இருந்தனவென அப்படையே 2006 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. எனினும், 1928 ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இத்தகைய சேதங்களுக்காக மத்திய அரசின்மீது வழக்குத் தொடுத்து வெல்லுதல் இயலாத காரியம். சட்டப்படி கடன் இல்லை, அறத்தின்படி கடன் உண்டு என்னும் நிலை இது. அப்படியாயின் ‘உங்களுக்கு இரங்கிக் கொடுக்கிறோம், அளவைப் பற்றிக் கேளாதீர்கள்’ என்று கொடுப்பவர் சொல்ல முடியாது. கேட்பவரும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

அதேவேளை, மறுபக்கத்து முறைப்பாட்டையும் ஒதுக்கிவிடலாகாது. முப்பது வருடம் தவறாமல் காப்புறுதிக் கட்டணம் கட்டிய ஒருவர், ஒருபோதும் கட்டாத அயலவருக்கும் அரசு கொடுப்பதைப் பார்த்து, தாம் கட்டியது மூடத்தனமா என்று கேட்டால் அவரிடம் என்ன சொல்வது? 30 வீத வெட்டு அவருக்காகவே வைக்கப்பட்டது. வெட்டே கூடாதென்போர் அவரது முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். ஆனால், வசதியிருந்தும் கட்டாமல் விட்டவரையும் ஓய்வூதியத்தில் மருந்து வாங்கியபின் கட்டுவதற்கு மிச்சமில்லாதவரையும் ஒரே கத்தியால் வெட்டியது சரியன்று. இதற்கு அறிந்து கொடுத்தல் தேவை. ஒரு இலட்சத்து முப்பதாயிரம் குடும்பங்களை எந்தக் கந்தோர் அறியப்போகிறது என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வியே.

இலங்கையில் நடந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமாகும். கத்ரீனாவுக்கு எட்டு மாதங்கள் முன்னர், 2004 டிசெம்பர் 26 இல், ஆழிப்பேரலை இலங்கைக் கரையை அழித்தது. (தானே அழிந்து கிடந்த இலங்கை, கத்ரீனாவின்போது 25,000 டொலரை அமெரிக்காவுக்கு அனுப்பியதைப் பலர் மறந்திருப்பர்.) இலங்கையில் பின்பற்றப்பட்ட அளவுகோல் வேறு. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாய், பகுதியளவில் சேதமடைந்ததற்கு ஒரு இலட்சம் ரூபாய் எனப் பொதுவாக வகுத்து, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். மாடி வீட்டுக்காரருக்கும் குடிசைக்காரருக்கும் ஒரே தொகை. மாடி வீட்டை இழந்தவருக்கு அது அத்திவாரத்துக்கும் போதவில்லை. ஆனால், குடிசையில் இருந்தவர் அதைக்கொண்டு கல்வீட்டுக்குத் தொடங்க முடிந்தது. முற்றிலும் சரியென்று சொல்ல முடியாவிடினும், தவறு நேர்ந்தால் அது வறியவருக்குச் சாதகமாக நேர்ந்தது என்பதில் ஒரு ஆறுதல் உண்டு. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென்ற தடையும், அதனால் மீனவர் பட்ட பாடும் தனிக்கதை.

லூயிசியானாவில் பலர் அளவுகோல் வரை வந்துசேரவே இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். காரணம் உறுதி. கீழ் ஒன்பதாம் வட்டாரம் என்னும் பகுதியில் கறுப்பின உழைப்பாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்தன. பாட்டி இறந்தபின் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று குடியிருந்தார்களேயன்றி நொத்தாரிசிடம் போய்ப் பெயர் மாற்றவில்லை. லூயிசியானாவின் சட்டம் பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வந்தது. மரண சாதனம் இல்லாதபோது பிள்ளைகள் அனைவரும் பங்காளிகளாவர். ஒரு பங்காளி வேறு மாநிலத்தில், இன்னொருவர் இருக்குமிடமே தெரியாது. வரி கட்டியவரும் கூரை மாற்றியவரும் அவ்வீட்டில் இருந்தவரே. இருந்தும் ‘இது உமது வீடு என்பதற்கு அத்தாட்சி எங்கே’ என்று கேட்டபோது அவரிடம் காட்ட ஒன்றுமில்லை. முதுசக் காணியைப் பிரிக்காமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது அந்நிய நாட்டுக் கதையாகத் தோன்றாது. உறுதியைச் சரிபார்ப்பது தவறன்று, அது இல்லாவிட்டால் கள்ளர் புகுந்துவிடுவர். ஆயினும், ஒரு வீட்டில் நாற்பது வருடம் விளக்கேற்றியவருக்கு அவ்வீட்டில் உள்ள உரிமையைக் கடதாசி ஒன்றே நிரூபிக்கும் என்று கொள்வது, உண்மையை அறிவதற்கு இருக்கும் பல வழிகளில் ஒன்றை மட்டும் திறந்துவைப்பதாகும். அயலவரின் சத்தியக்கூற்றும், வரிப் பற்றுச்சீட்டும், மின்சாரப் பட்டியலும் ஒன்றையும் சொல்லாதா?

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2009 இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், ‘நீதி’ ‘நியாயம்’ என்னும் இரண்டு வடமொழிச் சொற்களை வேறுபடுத்துகிறார். விதிகளும் அமைப்புகளும் ஒழுங்காக இருப்பது நீதி. அவற்றால் மனிதர் வாழ்வில் உண்மையில் விளைவது என்ன என்பதைப் பார்ப்பது நியாயம். ரோட் ஹோம் திட்டத்திலே நீதி கோவைகளில் நிறைந்திருந்தது. நியாயம்தான் தட்டுப்பட்டது.

இவற்றுள் மிகவும் வருத்தம் தருவது 30,000 டொலர் கதையாகும். அடுத்த வெள்ளத்துக்குத் தப்ப வீட்டைத் தூண்களின்மேல் உயர்த்துவதற்கென்று தனியாக 30,000 டொலர் வரை முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. மூன்று வருடத்துக்குள் உயர்த்துவோம் என்று பெற்றவர்கள் கையொப்பமிட்டனர். ஆனால், பலருக்கு முதற்கொடை சுவருக்கும் கூரைக்குமே போதவில்லை. கதவில்லாத வீட்டை உயர்த்தி என்ன பயன்? அவர்கள் அந்த 30,000 டொலரையும் திருத்த வேலையில் போட்டனர். அப்படிச் செய்யலாமென்று திட்டத்தின் ஊழியரே தமக்குச் சொன்னதாகப் பலர் கூறினர். வருடங்கள் கழிந்தபின் மாநில அரசு அப்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குத் தொடுத்தது. அவர்களிற் பலர் அப்போது முதியோர்.

கையொப்பமிட்ட வாக்கை மீறுவது குற்றமா? குற்றமே. ஒரு நோக்கத்துக்குப் பெற்ற பொதுப்பணத்தை வேறொன்றுக்குச் செலவிடலாகாது என்பதில் விட்டுக்கொடுப்பு இருக்க முடியாது. கோயில் உண்டியலில் திருப்பணிக்கென்று போட்ட காசை வேறு எதற்கும் எடுப்பதில்லையே! ஆனால், அவ்வாக்கைக் கொடுத்தவர் எந்த நிலையில் நின்று கொடுத்தார் என்பதையும் பார்த்தல் வேண்டும். கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுத்தவரே, அந்தக் குறையை நிரப்பியதற்காக வழக்குத் தொடுப்பது எவ்வாறு பொருந்தும்? அப்பணம் சூதிலோ குடியிலோ போகவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே, சுவராகவும் தரையாகவும் இருந்தது. முதலில் வாக்குத் தவறியது எப்பக்கம் என்று கேட்டால் விடை அவ்வளவு இலகுவானதன்று. 2023 பெப்ரவரியில் மத்திய அரசும் மாநில அரசும் உடன்பாடு கண்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்மீதான அந்த வழக்குகளைக் கைவிட்டன. புயல் அடித்துப் பதினேழரை வருடங்கள் சென்றிருந்தன.

அரசு அனுபவத்தால் கற்றது என்றும் சொல்ல வேண்டும். 2016 இல் லூயிசியானாவில் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது அமைத்த திட்டத்தில் சந்தைப் பெறுமதி அளவுகோலாக இருக்கவில்லை, திருத்தச் செலவே அளவுகோலாயிற்று. ஆனால், அங்கே வேறொரு முட்டுக்கட்டை முளைத்தது. வெள்ளம் வந்தவுடன் வீட்டைத் திருத்துவதற்கு அரச கடன் வாங்கியவர்களிடம், ‘உங்களுக்கு ஏற்கெனவே உதவி கிடைத்துவிட்டது’ என்று கொடையை மறுத்தார்கள். வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், விதியின் கண்ணில் இனாமாகக் கணிக்கப்பட்டது. காத்திருக்காமல் தம் காலில் எழும்ப முயன்றவர் தண்டிக்கப்பட, சும்மா இருந்தவர் கொடை பெற்றார். 2018 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி இதனைத் தளர்த்தியது.

மேற்கூறிய யாவும் வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றியவை. புயலுக்கு முன் நியூ ஓர்லியன்ஸ் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை வாடகைக்கு இருந்தவை. அவர்களும் அதே நீரில் கட்டிலையும் அலுமாரியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் இழந்தார்கள். சிறிய வாடகை வீடுகளைத் திருத்துவதற்குத் தனித்திட்டம் ஒன்று இருந்தது. அதன் பணம் வீட்டு உரிமையாளரின் கைக்கே போயிற்று. அரசுக்குச் சொந்தமான நான்கு பெரிய வாடகைக் குடியிருப்புத் தொகுதிகளை, சுமார் 4500 வீடுகளை, இடிப்பதற்கு நகரசபை 2007 டிசெம்பரில் வாக்களித்தது. அவற்றுக்குப் பதிலாகப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. பழையவற்றில் இருந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அவற்றில் இடம் இருக்கவில்லை. ஹூஸ்ரன், அற்லாண்டா போன்ற தூர நகரங்களுக்கு பஸ்களில் ஏற்றிச்செல்லப்பட்டவர்களிற் பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.